வேரைச் சுற்றி ஓர் ஊர்

கச்சான் செடியொன்றை மண்ணோடு மெதுவாகக் கிளப்பி வேரைக் கழுவிப் பாருங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் ஒட்டியிருக்கும். நோயென்று நினைப்பவர்களும் உண்டு. ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம். நமது இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம்தான் அந்த நிறத்தைத் தருகிறது. முடிச்சுக்குள் குடியிருப்பவை றைசோபிய வகைப் பற்றீரியாக்கள்.

நான் படித்தது தமிழ். இந்த விஷயத்துக்குள் என்னை இழுத்து வந்தது ஒரு சொல். கிரேக்க மொழியில் 'றைசா' என்றால் வேர். 1904இல் ஜெர்மனிய அறிஞர் லோரன்ஸ் ஹில்ட்னர் அதை வைத்து 'றைசோஸ்பியர்' என்ற பெயரை உண்டாக்கினார். வேரை ஒட்டிய மெல்லிய மண்படையை அது குறிக்கும். தமிழில் 'வேர்ச்சூழ் மண்' எனலாம். சற்றுத் தள்ளியுள்ள மண்ணைவிட இங்கே நுண்ணங்கிகள் நெருக்கமாக வாழ்கின்றன.

ஏன் இங்கே மட்டும் இவ்வளவு கூட்டம்? இலை வெயிலில் ஆக்கிய சீனியில் ஒரு பங்கை வேர் மண்ணுக்குள் கசிய விடுகிறது. பார்த்தால் வீண்செலவு மாதிரித்தான் தெரியும். உண்மையில் அது கூலி. காற்றில் 78 சதவீதம் நைதரசன் இருந்தும் செடியால் அதை நேரே எடுக்க முடியாது. றைசோபியம் அதைப் பிடித்து, செடி உண்ணும் வடிவில் கொடுக்கிறது. அவரையினச் செடிகளின் இந்த இரகசியத்தை ஹெல்றீகல் 1886இல் வெளியிட்டார். பொசுபரசைத் தேடிக் கொண்டுவருவது வேறு கூட்டம். வேர் எட்டாத இடுக்குகளுக்குள்ளும் நூல் நூலாக ஓடும் பங்கசுகள் அந்த வேலையைச் செய்கின்றன. கிருமி வேரை அண்டாமல் காப்பவையும் இருக்கின்றன. ஒரே இனம் எல்லா வேலையையும் செய்யாது. பல்வகைமையின் பயன் அதுதான். இவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுக்க முடிவதில்லை. மண்ணிலிருந்து நேரே டி.என்.ஏ.யைப் பிரித்துப் படிக்கத் தொடங்கிய பிறகே அவற்றின் தொகை தெரிய வந்தது.

நமது வயலுக்கு வருவோம். தண்ணீர் கட்டிய சேற்றில் ஒட்சிசன் இல்லை. நெற்பயிர் தன் தண்டின் காற்றறைகள் வழியாக அதை வேருக்கு இறக்குகிறது. கொஞ்சம் வெளியேயும் கசிகிறது. வேரில் படியும் துருநிறப் பூச்சு அதனால் வருவதுதான். ஒட்சிசன் விரும்பும் பற்றீரியாக்கள் வேரை ஒட்டி வாழ, அது ஆகாத நுண்ணங்கிகள் சற்றுத் தள்ளி மெதேன் வாயுவை உண்டாக்குகின்றன. சேற்றில் கால் வைக்கும்போது கிளம்பும் குமிழிகளில் அந்த வாயு இருக்கிறது. சில மில்லிமீற்றருக்குள் இரண்டு உலகம்!

"மண்ணுல பறக்கத்து இல்ல மகன், பசளையிலதான் வெள்ளாம நிக்கிது" என்று என் வாப்பா சொல்வார். அதில் விஞ்ஞானமும் இருக்கிறது. யூரியா தாராளமாகக் கிடைத்தால் அவரையினச் செடி முடிச்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். பொசுபரசு மிகுந்தால் பங்கசுடனான உறவும் தளரும். சும்மா கிடைக்கும்போது யார்தான் கூலி கொடுப்பார்கள்?

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் திடீரெனத் தடை வந்தது. நவம்பரில் தடை நீங்கியது. அந்தப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் விழுந்தது. சேதனப் பசளையே உதவாது என்று அதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம். நெல்லுக்கு முடிச்சு கிடையாது. வைக்கோலிலும் இலைதழையிலும் உள்ள நைதரசனை நுண்ணங்கிகள் மெல்ல மெல்லப் பிரித்துக் கொடுக்க வேண்டும். பல போகங்களாக யூரியாவை நம்பிய வயலில் அந்தக் கூட்டத்தை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் கூட்டி வர இயலாது.

ஆகவே படிப்படியாகத்தான் போக வேண்டும். வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே மக்க விடலாம். நீர் குறைந்த போகத்தில் பயறோ கௌபியோ போடலாம். பசளையை ஒரேயடியாக நிறுத்தாமல் மண்ணைப் பரிசோதித்து அளவாக இடலாம். கௌபி பூக்கும் பருவத்தில் ஒரு செடியைக் கிளப்பி முடிச்சைக் கீறிப் பாருங்கள். சிவந்திருந்தால் வேலை நடக்கிறது. உள்ளே வெளிறியிருந்தால் அங்கே நைதரசன் பிடிபடவில்லை.