பறிக்கப்பட்ட தாய்மொழி

கனடா நாட்டுக் கவிஞர் ரீத்தா ஜோவின் கவிதைகளை அண்மையில் வாசித்தோம். எளிய சொற்கள், அலங்காரம் இல்லை. ஆயினும் விடுதிப் பள்ளியில் தாய்மொழியை இழந்த சிறுமியைப் பற்றிய கவிதையைத் தாண்டிச் செல்ல நம்மால் இயலவில்லை. அப்பள்ளியில் கற்பித்தவர்கள் நம் திருச்சபையின் கன்னியர். கத்தோலிக்கக் குரு ஒருவர் இதை அயலார் கதையென்று ஒதுக்க முடியுமோ?

ரீத்தா ஜோ கிழக்குக் கனடாவின் பூர்வகுடிகளாகிய மிக்மாக் இனத்தவர். 1932-ஆம் ஆண்டு கேப் பிரெட்டன் தீவில் பிறந்தார். 5 வயதில் தாயை இழந்து, வளர்ப்பு இல்லங்கள் பலவற்றில் அலைக்கழிந்தார். 12-ஆம் வயதில் தாமே அரசு அதிகாரிக்குக் கடிதம் எழுதி, ஷூபெனகாடி விடுதிப் பள்ளியில் சேர்ந்தார். ஆம், புகலிடம் தேடித் தானாகவே சென்ற பிள்ளை அது! அங்கே உணவும் கல்வியும் கிடைத்தன. வீட்டு மொழிக்கோ இடமில்லை. அதைப் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர்.

கனடாவின் விடுதிப் பள்ளிகளில் ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் பயின்றனர். பெற்றோரிடமிருந்து வலிந்து பிரிக்கப்பட்டவர் பலர். இதைப் பண்பாட்டு இனஅழிப்பு என்றே 2015-இல் அந்நாட்டின் உண்மை, நல்லிணக்க ஆணையம் அறிவித்தது. திட்டம் அரசினுடையது என்பது உண்மையே. ஆனால் பள்ளிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை நடத்தியவர்கள் கத்தோலிக்கர். அரசின்மேல் பழியைச் சுமத்திவிட்டு நாம் கைகழுவுவது பிலாத்துவின் செயலாகும்.

நம்மை மிகவும் வருத்துவது வேறொன்று. மிக்மாக் தலைவர் மெம்பர்டூ 1610-இலேயே குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்றவர். 1735-இல் அங்குச் சென்ற பியேர் மயார் என்னும் பிரெஞ்சுக் குரு அவர்கள் மொழியைக் கற்றுத் தேர்ந்து, செபங்களையும் ஞானப் பாடல்களையும் சித்திர எழுத்துகளில் எழுதிக் கொடுத்தார். வீரமாமுனிவர் இங்குத் தேம்பாவணி பாடிய நூற்றாண்டு அது. பின்னர்க் குருக்கள் இல்லாத காலத்தில், மூப்பர்கள் அச்செபங்களைச் சொல்லியே விசுவாசத்தைக் காத்தனர். அவர்களுக்கு அம்மொழியே கோவிலாய் நின்றது. அந்த மொழியைத்தான் 1930-இல் திறக்கப்பட்ட ஷூபெனகாடிப் பள்ளி, பிள்ளைகளின் நாவிலிருந்து பிடுங்கியது. ஒரு குரு அரும்பாடுபட்டு நட்டதை அதே திருச்சபையின் கைகள் பறித்தெறிந்தன.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022 சூலை 25 அன்று கனடா மண்ணில் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் புனித சுவக்கீன், அன்னம்மாள் திருநாள். பூர்வகுடிப் பாட்டிமார் தம் மொழியில் விசுவாசத்தைப் பேரப்பிள்ளைகளுக்கு வழங்க இயலாமல் தடுக்கப்பட்ட கொடுமையை அன்று அவர் எடுத்துரைத்தார். அவ்வார்த்தைகளைக் கேட்க ரீத்தா ஜோ உயிரோடில்லை. 2007-இலேயே இறைவனடி சேர்ந்துவிட்டார்.

அவர் திருச்சபையை விட்டு விலகவில்லை என்பதை எண்ணி எண்ணி வியக்கிறோம். அவர் கவிதையில் சாபம் இல்லை. தம்மவரைப் பற்றி உலகுக்குச் சொல்ல இடம் கொடுங்கள் என்றே வேண்டுகிறார். அதையும் பெரும்பாலும் பள்ளி புகட்டிய ஆங்கிலத்திலேயே!

மிக்மாக் மக்களின் பாதுகாவலி புனித அன்னம்மாள். ஆண்டுதோறும் சூலையில் அவர்கள் கேப் பிரெட்டனைச் சேர்ந்த சேப்பல் தீவில் கூடித் திருவிழாக் கொண்டாடுகின்றனர். மிக்மாக் மொழிச் செபங்கள் அங்கே இன்றும் ஒலிக்கின்றன.