வெள்ளம் வடிந்த பிறகு வரும் படபடப்பு

மழைக்காலம் முடிந்து தை பிறக்கும் நேரத்தில், முண்டியம்பாக்கத்தில் என்னிடம் வருகிறவர்கள் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது." "ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்தா அப்புறம் தூக்கமே இல்ல." "வானம் கறுத்தாலே கை நடுங்குது, டாக்டர்."

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை நிறுத்தினார்கள். அந்த வாரம் வந்தவர்களுக்குக் காயம், காய்ச்சல், வயிற்றுப்போக்கு. படபடப்போடு வந்தவர்கள் வாரக்கணக்கில் தாமதமாக வந்தார்கள். அதற்குள் பலர் மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரைகளை விழுங்கித் தீர்த்திருந்தார்கள்.

"தண்ணிதான் வடிஞ்சுடுச்சே, இன்னும் என்ன பயம்?"

வீட்டில் இருப்பவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். இதற்குப் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்து எலிகள் பதில் சொல்லியிருக்கின்றன. சுமந்த்ரா சட்டர்ஜியின் குழு எலிகளை இரண்டு மணி நேரம் அசைய முடியாமல் கட்டிவைத்தது. ஒரே ஒரு முறைதான். மறுநாள் பார்த்தால் மூளையில் மாற்றம் இல்லை. பத்து நாள் கழித்துப் பார்த்தபோது, பயத்தைக் கையாளும் அமிக்டலா பகுதியில் நரம்பணுக்களின் இணைப்பு முட்கள் பெருகியிருந்தன, எலிகளும் மிரண்டு நடந்தன. 2005-ல் வந்த ஆய்வு இது.

தினம் இரண்டு மணி நேரம் வீதம் பத்து நாள் கட்டிவைத்தபோது இன்னும் மோசம். நினைவாற்றலுக்கான ஹிப்போகேம்பஸில் நரம்புக் கிளைகள் சுருங்கின, அமிக்டலாவில் வளர்ந்தன. பிறகு 21 நாள் ஓய்வு கொடுத்தார்கள். ஹிப்போகேம்பஸ் தேறிவிட்டது. அமிக்டலா தேறவில்லை, பயமும் போகவில்லை.

எலிக்கு நடந்தது நமக்கும் அச்சு அசலாக நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் போன பிறகும் பயம் உடம்பில் தங்கும் என்பதும், அது தாமதமாகத் தலைகாட்டலாம் என்பதும் நான் நோயாளிகளிடம் அன்றாடம் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. "நடிக்கிறா", "வேலை செய்ய வலிக்குது" என்று அவர்களைத் திட்டாதீர்கள். பயந்துவிட்டாள் என்று மந்திரித்துக் கயிறு கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் கயிறு கட்டிய கையோடு இங்கே கூட்டி வாருங்கள்.

"டென்ஷனால அல்சர் வந்துடுச்சு"

1936-ல் கனடாவில் ஹான்ஸ் செல்யே, குளிர், காயம், மிதமிஞ்சிய உழைப்பு என்று எதைக் கொடுத்தாலும் எலியின் அட்ரினல் சுரப்பி வீங்குவதையும், தைமஸ் சுருங்குவதையும், இரைப்பையில் புண் வருவதையும் எழுதினார். டென்ஷன்தான் அல்சர் என்ற பேச்சு அங்கிருந்து வலுப்பெற்றது. மனிதர்களின் அல்சருக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியும் வலி மாத்திரையும். கரும்பு வெட்டிவிட்டு வந்து உடம்புவலிக்குத் தினம் ஒரு மாத்திரை, அது வயிற்றை எரித்தால் கேஸுக்கு இன்னொன்று. இதற்குப் பெயர் டென்ஷன் அல்ல.

துளசியும் அமுக்கராவும்

"எலிக்குக் குடுத்துப் பாத்து நிரூபிச்சிருக்காங்களே" என்று போனைக் காட்டுகிறார்கள். உண்மைதான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஷீலாதேவி குழுவினர் எலிகளை 100 டெசிபல் இரைச்சலில் வைத்தார்கள். மூளையின் நரம்பு ரசாயனங்கள் ஏறின, துளசிச் சாறு அதைத் தடுத்தது. ஆனால் அது ஆல்கஹாலில் பிரித்தெடுத்து, எடைக்கேற்ப அளந்து, வயிற்றுக்குள் ஊசியாகச் செலுத்திய சாறு. முற்றத்துத் துளசியை மெல்லுங்கள், நல்லதுதான். அதை நம்பி நெஞ்சுவலியோடு ஒரு வாரம் காத்திருக்காதீர்கள். அமுக்கராவால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. கர்ப்பிணிகளும் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதைக் கேட்காமல் தொடவே கூடாது.

சுருக்குப்பையில் இருந்த மாத்திரைகள்

மயிலம் பக்கத்து அம்மா ஒருவர் சுருக்குப்பையைப் பிரித்து மேசையில் கொட்டினார். கத்தரித்த அட்டைத் துண்டுகள். பெயர் இருக்கும் பாகம் ஒன்றில்கூட இல்லை. "மஞ்சள் தூக்கத்துக்கு, வெள்ளை உடம்பு அலுப்புக்கு" என்றார். எந்த மருந்தென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அலுப்பு மாத்திரை என்று கைமாறுவதில் ஸ்டீராய்டும் உண்டு. நெருக்கடி வந்தால் நம் உடம்பு சுரக்கும் கார்டிசால் எந்த இனமோ, அதே இனம். 1990-ல் நியூயார்க்கில் புரூஸ் மெக்யூவன் குழு, எலிகளைப் பயமுறுத்தாமல் அவற்றின் அழுத்த ஹார்மோனை மட்டும் 21 நாள் கொடுத்தது. அதிலேயே ஹிப்போகேம்பஸ் கிளைகள் சுருங்கின. மனக்கலக்கத்தோடு இருப்பவர் காசு கொடுத்து ஸ்டீராய்டும் வாங்கித் தின்றால் என்ன ஆகும்? சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், தூக்கமும் கெடும். மாதக்கணக்கில் தின்றதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. தூக்க மாத்திரையும் அப்படியே, சட்டென்று விட்டால் வலிப்பு வரலாம். அட்டையோடு வாருங்கள், படிப்படியாகக் குறைக்கலாம்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. குடித்தால் தூக்கம் வருகிறது என்கிறீர்கள். அந்த மூன்று மணி முழிப்புக்கு அந்தக் குடியே காரணமாக இருக்கலாம்.

பரிசோதனை

படபடப்போடு வருகிறவர்களுக்கு, உடம்பில் வேறு காரணம் இருக்கிறதா என்று முதலில் இவற்றைப் பார்ப்போம்: இசிஜி, ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு.

கெஞ்சிக் கேட்கிறேன்

நெஞ்சுவலியோடு வியர்வையோ மூச்சுத்திணறலோ இருந்தால் அதைப் படபடப்பு என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். இரண்டு வாரம் தூக்கம் கெட்டாலே வாருங்கள், இரண்டு மாதம் ஆகட்டும் என்று இருக்காதீர்கள். பயிர் போன வீட்டில், கடன்காரன் வாசலில் நிற்கிற வீட்டில், ஒருவர் பேச்சைக் குறைத்துவிட்டால் பக்கத்தில் உட்காருங்கள். சாகணும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள், வெளியே பூட்டி வைத்துச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்தால் இரவிலும் தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. அந்த எண்ணை அடுப்பங்கரைச் சுவரில் கரியால் எழுதி வைத்தாலும் சரி.