ஸ்கூல்ல ஒரு அர்த்தம், பாஸ்புக்கில் வேற அர்த்தம்!



பேங்க்கிலிருந்து இங்கிலீஷில் ஒரு பேப்பர் வந்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? ஆறாவது, ஏழாவது படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு, "இதுல என்ன போட்டிருக்கு, படிச்சுச் சொல்லு" என்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரே வார்த்தைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு அர்த்தமும், பணம் காசு விஷயத்தில் வேறு அர்த்தமும் உண்டு. நாங்கள் குழுக் கூட்டங்களுக்கு வரும்போது உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கிற சில வார்த்தைகளை இங்கே தருகிறோம். பிள்ளைகளோடு உட்கார்ந்து படியுங்கள்.

1. இன்ட்ரஸ்ட்: பாடத்தில் ஆர்வம். கடன் பேப்பரில் வட்டி.

2. பிரின்சிபல்: பள்ளியில் முதல்வர். கடனில் அசல்.

3. பேலன்ஸ்: பாடத்தில் சாயாமல் நிற்பது. சேமிப்பு பாஸ்புக்கில் நம் கையிருப்பு. கடன் அட்டையில் நாம் இன்னும் கட்ட வேண்டிய பாக்கி. எந்தப் புத்தகம் என்று பார்த்துத்தான் அர்த்தம் சொல்ல வேண்டும்.

4. கிரெடிட், டெபிட்: சேமிப்புக் கணக்கில் கிரெடிட் என்றால் வரவு. டெபிட் என்றால் நம் பணத்திலிருந்து எடுத்தது.

5. டியூ, ஓவர்டியூ: கட்ட வேண்டிய தவணை டியூ. தேதி தாண்டிப்போனால் ஓவர்டியூ.

6. கேரண்டர்: மிக்ஸிக்குத் தருகிற கேரண்டி பிள்ளைக்குத் தெரியும். கேரண்டர் என்றால் ஜாமீன்தாரர். கடன் வாங்கினவர் கட்டாவிட்டால் நம்மிடம் கேட்பார்கள். "சும்மா சாட்சிக் கையெழுத்துதான்க்கா" என்று யாராவது நீட்டினால், இந்த வார்த்தை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

7. ஃபிளாட்: பிள்ளை 'தட்டை' என்று சொல்லும். கடனில், அசல் குறைந்தாலும் முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி போடுவது.

கணக்கைப் பாருங்கள். 12,000 ரூபாய் கடன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. மாதம் 1,000 அசல் வீதம் 12 மாதத்தில் கட்டுகிறோம். ஃபிளாட் முறையில் மாதாமாதம் 120 வீதம் மொத்த வட்டி 1,440 ரூபாய். மீதி அசலுக்கு மட்டும் வட்டி என்றால் முதல் மாதம் 120, அடுத்து 110, இப்படியே குறைந்து கடைசி மாதம் 10. மொத்தம் 780 ரூபாய்தான். ஒரு வார்த்தை தெரியாததால் 660 ரூபாய் கூடுதல்!

பிள்ளைக்கு எழுத்து தெரியும், நமக்குக் கணக்கு தெரியும். இரண்டும் சேரட்டும். ஒரு நோட்டில் வார்த்தை, பாடத்தில் அர்த்தம், பேங்க்கில் அர்த்தம் என்று மூன்று கட்டம் போட்டு எழுதச் சொல்லுங்கள். வார்த்தையை மட்டும் பார்க்காமல் அந்த வரி முழுவதையும் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் பாடம் மனதில் நிற்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்வோம். நுண்கடன் தருகிறவர்கள் கடன் அட்டையை வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் எழுதித் தர வேண்டும் என்பது 2022-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி. "தமிழ்ல குடுங்க சார்" என்று கேட்க வெட்கமே வேண்டாம், அது நம் உரிமை.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தங்கள் பாஸ்புக்கிலிருந்து புரியாத ஒரு வார்த்தையை எழுதிக் கொண்டுவாருங்கள். எல்லோரும் சேர்ந்து அர்த்தம் தெரிந்துகொள்வோம். புரியாத வார்த்தை ஒன்று இருந்தாலும் கையெழுத்து வேண்டாம், கேட்டுவிட்டுப் போடுவோம்!