குழந்தை வரப்போகுது... படுக்கையறையை எப்போது, எப்படி மாற்றலாம்?

"புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல ஆணி அடிக்கக் கூடாது, சுவரை இடிக்கக் கூடாது" என்று திருச்சிப் பக்கம் பெரியவர்கள் சொல்வது வழக்கம். மொபைலில் அழகழகான குழந்தை அறைகளைப் பார்த்து, அடுத்த வாரமே பெயிண்டரைக் கூப்பிடலாம் என்று நினைக்கும் இளம் தம்பதிக்கு இது மூடநம்பிக்கையாகத்தான் தெரியும். பெரியவர்கள் சொல்லும் காரணத்தை விட்டுவிடலாம். ஆனால் பழைய வீட்டைச் சுரண்டும்போது கர்ப்பிணி அங்கே இருக்கக் கூடாது என்று மருத்துவமும் சொல்கிறது.

எந்த வீட்டு அறை?

முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான். தலைப்பிரசவம் என்றால் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போவது இங்கே வழக்கம். வெள்ளத்தில் காவிரியைக் கடக்க முடியாமல் தாய் தவித்தபோது, அந்தத் தாயின் வடிவிலேயே சிவன் வந்து பிரசவம் பார்த்தார் என்பதுதான் மலைக்கோட்டை தாயுமானவர் கோயிலின் தலபுராணம். பிரசவத்துக்கு அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஊர் கொடுக்கும் முக்கியத்துவம் அப்படி.

ஆக, குழந்தை முதலில் தூங்கப்போவது ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அம்மா வீட்டு அறையில். தில்லை நகரிலோ கே.கே. நகரிலோ உள்ள சொந்த ஃபிளாட்டுக்குப் பெரும்பாலும் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் வரும். தயார் செய்ய வேண்டியது ஒரு அறை அல்ல, இரண்டு. இரண்டுக்கும் வெவ்வேறு கால அட்டவணை.

பழைய பெயிண்டில் என்ன ஆபத்து?

ஈயம். வீட்டு உபயோக பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமலில், ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உத்தர வீதி, சித்திரை வீதி போன்ற இடங்களில் உள்ள பழைய வீடுகளின் கதவு, ஜன்னல், கம்பிகளில் பல தலைமுறை எனாமல் அடுக்கடுக்காக இருக்கும்.

அது சும்மா இருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போதுதான் தூசியாகிப் பறக்கிறது. உடலுக்குள் போகும் ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டி கருவை அடையும். பிறந்த பிறகும், வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகம் உறிஞ்சும். ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதுகாப்பு என்று ஒரு அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதிக்கப்படுவது மூளை வளர்ச்சி.

அப்படியானால் என்ன செய்வது?

* உரியாத பழைய பெயிண்டைச் சுரண்டாமல், அதன் மேலேயே புது பெயிண்ட் அடிக்கலாம்.
* உரிந்திருந்தால் தண்ணீர் தெளித்து, ஈரமாக வைத்தே சுரண்ட வேண்டும். தீ வைத்து உருக்கக் கூடாது.
* கீழே பிளாஸ்டிக் ஷீட் விரித்து, வேலை முடிந்ததும் சுருட்டி எடுத்துவிட வேண்டும். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.
* கடைசியாகத் துடைத்து முடிக்கும்வரை கர்ப்பிணியும் சின்னப் பிள்ளைகளும் வேறு வீட்டில் இருக்க வேண்டும்.

எந்த மாதம், எந்த வேலை?

தாய்வீட்டு அறையில் பூச்சு, ஒயரிங், சுவர் ஓதம், பெயிண்ட் எல்லாவற்றையும் ஆறாம் மாதத்துக்குள், அவர் அங்கே போவதற்கு முன்பே முடிக்க வேண்டும். வாசனை குறைவான, தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் நல்லது. சுண்ணாம்புப் பூச்சு உள்ள பழைய சுவருக்குச் சுண்ணாம்பே போதும். பெயிண்ட் காய்ந்த பிறகும் சில நாட்கள் ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும். பிளைவுட் அலமாரி வாங்குவதானால் இப்போதே வாங்கிக் காற்றாட விடுங்கள். புதிதில் வரும் அந்த நெடி போக நாளாகும்.

சொந்த ஃபிளாட்டில் அவசரமே வேண்டாம். மனைவி கிளம்பிய பிறகு கணவருக்குப் பல மாத அவகாசம் கிடைக்கும். வேலைக்குப் போகும் பெண்கள் 26 வார மகப்பேறு விடுப்பில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம் என்பதையும் கணக்கில் சேர்த்துத் திட்டமிடலாம்.

ஏழாம் மாதம் தாண்டிவிட்டதா? பெயிண்ட் யோசனையை விட்டுவிடுங்கள். ஒட்டடை அடித்து, திரையைத் துவைத்து, தரையைக் கழுவினால் போதும்.

குழந்தை எங்கே தூங்கும்?

தனி அறை தேவையில்லை. முதல் 6 மாதமாவது பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்குவது நல்லது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் பரிந்துரை. மல்லாந்த நிலை, தட்டையான கெட்டி மெத்தை. தலையணை, பொம்மை, கனமான போர்வை எதுவும் வேண்டாம்.

தூளி? அதில் உடல் வளைந்து தாடை நெஞ்சில் ஒட்டினால் மூச்சுப்பாதை அடைபடலாம். ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஆட்டி, தூங்கியதும் தட்டையான படுக்கைக்கு மாற்றிவிடலாம். கொக்கி தாங்குமா என்று முன்பே இழுத்துப் பார்க்க வேண்டும்.

இது அம்மாவின் அறையும்கூட. சிசேரியன் தையலோடு தரையிலிருந்து எழுவது கஷ்டம். கட்டில் முழங்கால் உயரத்தில் இருக்கட்டும். பாத்ரூம் போகும் வழியில் ஒரு இரவு விளக்கு வேண்டும். பழைய வீடுகளில் அறைக்கு அறை நிலைப்படி உயர்ந்திருக்கும். தூக்கக் கலக்கத்தில், குழந்தையோடு தடுக்கி விழுவது அங்கேதான்.

வெக்கை, கொசு, புகை

மே மாதம் திருச்சியில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். அதற்காக ஏசியை 18-ல் வைத்துவிடக் கூடாது. பிரசவ அறையே 25 முதல் 28 டிகிரியில் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டிலும் அதை ஒட்டி வைத்து, காற்று குழந்தை மேல் நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் உள்ள ஸ்ரீரங்கத்து வீடுகளில் நடு அறைக்கு ஜன்னல் இருக்காது. முற்றம் பார்த்த அறையோ, ஜன்னல் உள்ள முன்னறையோ மேல்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள தீவில் கொசுவைக் கேட்கவே வேண்டாம். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொசு விரட்டி கிரீம் கூடாது. ஜன்னலுக்கு வலை, தொட்டிலுக்குக் கொசுவலை போதும். மூடிய அறையில் கொசுவத்தி, குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணிப் புகை இரண்டும் பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது.

ஆணி அடிக்கிற வேலை ஏதும் மிச்சமிருந்தால், வளைகாப்பு முடிந்து அவர் கிளம்பிய மறுநாள் சொந்த ஃபிளாட்டில் அடித்துக்கொள்ளலாம். பாட்டிக்கும் ஆட்சேபம் இருக்காது.