சோறுதான் சுஷி

சுஷி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, பேரங்காடியில் சுழலும் பட்டையில் வண்ணத் தட்டுகளில் வலம் வரும் பச்சை மீன்தான். அந்தச் சுழலும் முறையை 1958-இல் ஒசாகா வட்டாரத்தில் ஷிராய்ஷி யோஷியாக்கி தொடங்கினார். சாதாரண மக்கள் மலிவாக உண்ண ஏற்பட்ட வழி அது. தோக்கியோவின் கின்சாவில் உள்ள மரபுவழிச் சுஷி உணவகங்களின் கதையே வேறு. அங்குள்ள சுக்கியாபாஷி ஜிரோ உணவகத்தில், அதைப் பற்றிய ஆவணப்படம் வெளிவந்த 2011-இல், ஒருவர் உண்ண 30,000 யென்னும் அதற்கு மேலும் ஆனது. அப்போதைய நம் பணத்தில் ஆயிரம் ரிங்கிட்டுக்கும் மேல்! சமைக்காத மீனுக்கா இவ்வளவு விலை என்று யாரும் கேட்கத்தான் செய்வார்கள்.

முதலில், சுஷி என்ற சொல் மீனைக் குறிப்பதே அன்று, புளிப்பைக் குறிப்பது. முற்காலத்தில் உப்பிட்ட மீனைச் சோற்றில் புதைத்து மாதக்கணக்கில் புளிக்க வைத்தனர். பிவா ஏரிப் பகுதியில் ஃபுனாசுஷி என்ற பெயரில் இவ்வழக்கம் இன்றும் உண்டு. பின்னர், சோற்றில் வினிகர் கலந்து அதே புளிப்பை உடனே பெற்றனர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று தோக்கியோ எனப்படும் எடோ நகரில், சோற்றைக் கையால் பிடித்து அதன் மேல் மீன் வைக்கும் சுஷி பரவியது. ஹனாயா யோஹே என்பவரின் பெயர் இதனோடு சேர்த்துப் பேசப்படுகிறது. அன்று அது தெருக்கடைத் தீனிதான்.

குளிர்பெட்டி இல்லாத காலமாதலால், மீன் கெடாதிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம் தேவைப்பட்டது. கொஹாடா என்ற சிறு மீனை உப்பில் இட்டு, கழுவி, வினிகரில் ஊற வைப்பார்கள். மீனின் அளவு, கொழுப்பு, அன்றைய வெயில் ஆகியவற்றைப் பார்த்தே நேரத்தை முடிவு செய்வார்கள். சூரை மீனைச் சோயா கிச்சாப்பில் ஊற வைப்பதும் கடல் விலாங்கை வேக வைப்பதும் அவ்வாறே. குளிர்பெட்டி வந்த பின்னும் நல்ல கடைகள் இப்பக்குவத்தை விடவில்லை. ஜிரோ உணவகத்தில் ஆக்டோபஸை 40 முதல் 50 நிமிடங்கள் வரை கையால் பிசைந்து மென்மையாக்குவதை அப்படத்தில் காணலாம். அதாவது, நாம் "பச்சை" என்று ஒதுக்கும் தட்டில் உள்ள எல்லாமே முழுக்கப் பச்சையானவை அல்ல.

மீனைவிடச் சோற்றின் மீதுதான் அதிக அக்கறை. அது உடல் சூட்டில் இருக்க வேண்டும். குளிர்ந்த சோறு அங்கே தோல்வியாகக் கருதப்படும். ஆகவேதான் இருக்கைகளும் குறைவு. 1925-இல் பிறந்த ஓனோ ஜிரோ தொடங்கிய அவ்வுணவகத்தில் பத்தே இருக்கைகள்! 2007-இல் மூன்று மிச்செலின் நட்சத்திரங்கள் பெற்ற அது, பொதுமக்கள் நேரடியாக முன்பதிவு செய்ய இயலாததால் 2019-இல் அந்த வழிகாட்டியிலிருந்து நீக்கப்பட்டது. சுவையில் குறை கண்டதால் அன்று.

உணவுப் பட்டியல் கிடையாது. "ஒமாக்காசே" என்றால் "உங்களிடமே விட்டுவிட்டேன்" என்று பொருள். சமையல் வல்லுநர் ஒவ்வொரு துண்டாகப் பிடித்து நம் முன் வைப்பார்; சூடு ஆறுமுன் உண்ண வேண்டும். குச்சி பிடிக்கத் தெரியவில்லையே என்ற அச்சம் வேண்டாம், கையால் உண்பதும் முறையே. (நமக்கென்ன, பழக்கம்தானே!) சோயாவை அவரே தடவிவிடுவார், வசாபியும் உள்ளேயே இருக்கும். ஊறிய இஞ்சி, ஒரு மீனின் சுவை நாவிலிருந்து நீங்கி அடுத்ததற்கு இடம்விட. வாசனைத் திரவியம் பூசிச் செல்வது அநாகரிகம். சைவ உணவினர் முன்பதிவின்போதே கேட்டுவிடுவது நல்லது. மீன் சாறு கலக்காதது அங்கே அரிது.

ஏறத்தாழ இருபது துண்டுகள், சில வேளைகளில் அரை மணி நேரத்திலேயே முடிந்துவிடும். இறுதியில் இனிப்பு முட்டை அடை வரும். தேநீரை அருந்திவிட்டு எழுந்துவிட வேண்டும். அடுத்தவருக்கான சோறு அதற்குள் தயாராகியிருக்கும்.