உதடுகள் செபிக்க, உள்ளம் எங்கே?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் என்னிடம் வந்தார். கணவர் கடலுக்குப் போயிருந்த நேரம். "சாமி, செபமாலை சொல்றேன். வாய்தான் சொல்லுது, மனசு கடல்ல கெடக்குது. இது ஆண்டவருக்குக் கேக்குமா?" என்றார். "இன்னும் ஒரு செபமாலை சொல்லுங்கம்மா" என்று நானும் அவசரமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் கேட்டது ஒன்று, நான் கொடுத்தது வேறு. அவர் போனபின்புதான் அது எனக்கு உறைத்தது.

நமது தொண்டிக்கு அருகில் இருக்கும் ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியானார். அதற்கு முந்தின நாள், சிறையில் மை இல்லாததால் கரியைக் கொண்டு தம் தலைவருக்கும் உடன் குருக்களுக்கும் கடிதம் எழுதினார். சாவு நெருங்கியும் அவரிடம் கலக்கம் இல்லை. இந்த அமைதி ஒரே நாளில் வந்ததல்ல. 1662-இல், 15 வயதில், லிஸ்பன் நகரில் இயேசு சபையில் சேர்ந்தவர் அவர். அச்சபையின் நவதுறவிகள் புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மீகப் பயிற்சிகளை' ஒரு வழிகாட்டியின் துணையோடு 30 நாட்கள் மௌனத்தில் செய்வார்கள். திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் ஏற்பளித்த நூல் அது.

அதில் ஒரு செபமுறை உண்டு. நற்செய்திக் காட்சி ஒன்றை எடுத்து அதற்குள் நாமும் போய்விடுவது. மாற்கு நற்செய்தி 4-ஆம் அதிகாரத்தில் புயலில் தத்தளிக்கும் படகை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றின் இரைச்சலைக் கேளுங்கள், தண்ணீர் முகத்தில் அடிப்பதை உணருங்கள். படகின் பின்பக்கம் இயேசு தூங்குகிறார். அவரை எழுப்பி, நண்பரிடம் பேசுவது போல உங்கள் பயத்தைச் சொல்லுங்கள். பிறகு பேச்சை நிறுத்தி, அவர் அருகில் அமைதியாக இருங்கள். இதுவே தியான செபம். கடலில் கிடந்த அந்தத் தாயின் மனம் செபத்தைக் கெடுக்கவில்லை. அந்த மனமே செபத்தின் வாசல்.

சில நாட்கள் செபம் வறண்டுபோகும். அப்படிப்பட்ட நேரத்தில், முன்பு நல்ல மனநிலையில் எடுத்த தீர்மானத்தை மாற்றக்கூடாது என்கிறார் இஞ்ஞாசியார். செபத்தைக் குறைக்காமல் பொறுமையோடு தொடரச் சொல்கிறார். நாள் முடிவில், இறைவன் இன்று எங்கே என்னைத் தொட்டார், எங்கே நான் விலகினேன் என்று ஆன்ம சோதனை செய்யவும் கற்றுத் தருகிறார்.

இந்தப் பயணத்தில் நமக்கு ஓர் ஆன்மீக வழிகாட்டி தேவை. இது ஒப்புரவு அருட்சாதனம் அல்ல. ஆகவே செபத்தில் பழகிய ஓர் அருள்சகோதரியோ, பொதுநிலையினரோ கூட வழிகாட்டியாக இருக்கலாம். வழிகாட்டி தன் விருப்பத்தைத் திணிக்கக்கூடாது. தராசு முள்ளைப் போல நடுவில் நிற்க வேண்டும். படைத்தவர் தம் பிள்ளையோடு நேரடியாகப் பேசட்டும் என்று வழிவிட வேண்டும்.

அந்தத் தாயை மறுபடியும் சந்தித்தபோது நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "கடல்ல கெடக்குற மனசு ஆண்டவர்ட்ட என்னம்மா சொல்லுது?" என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் அழுதார், பிறகு பேசினார். அன்று அவர் செபித்தார். நானும் செபிக்கக் கற்றுக்கொண்டேன்.

இன்றிரவு 10 நிமிடம் ஒதுக்குங்கள். அந்தப் படகில் ஏறுங்கள். அங்கே கண்டதை, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மனம்திறந்து பகிருங்கள்.

புனித அருளானந்தரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.