பத்து டாலரும் நூறு சொற்களும்

கிடர்பூர் மாணவர்களுக்கு மிக நெருக்கமாக இருந்திருக்க வேண்டிய அமெரிக்கக் கதை, தேர்வு நெருங்க நெருங்க அவர்களை விட்டு விலகிப் போனது

இரவு பதினோரு மணி. தெருவில் தனியாக நடந்து வருகிறார் ஆஜானுபாகுவான ஒரு பெண்மணி. பின்னாலிருந்து ஓடிவரும் பையன் ஒருவன் அவருடைய கைப்பையைப் பிடித்து இழுக்கிறான். வார் அறுகிறது. பையின் கனம் தாங்காமல் பையனே மல்லாந்து விழுகிறான். பெண்மணி ஓர் உதை விட்டு, சட்டையைப் பிடித்து அவனைத் தூக்கி நிறுத்துகிறார். போலீசைக் கூப்பிடவில்லை. தன் அறைக்கே இழுத்துப் போய், முகத்தைக் கழுவிக்கொள்ளச் சொல்லி, சாப்பாடு போடுகிறார்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1958-ல் வெளியிட்ட ‘தேங்க் யூ மேம்’ கதை இப்படித்தான் போகிறது. மேற்கு வங்க மேல்நிலைக் கல்வி கவுன்சில் 2013-ல் கொண்டுவந்த பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இந்தக் கதை இடம் பெற்றது. 2015-ல் முதல் தேர்வு. கொரோனாவால் தேர்வே நடக்காத 2021-ஐக் கழித்துவிட்டால், 2025 வரை ஆண்டுதோறும் டார்ஜிலிங் மலையிலிருந்து சுந்தரவனம் வரை லட்சக்கணக்கான மாணவர்கள் ரோஜர் என்ற அந்தப் பையனைப் படித்துவிட்டுத் தேர்வு எழுதினார்கள்.

அவர்களில் கிடர்பூர் மாணவர்களுக்கு ரோஜர் அந்நியனாக இருந்திருக்க நியாயமில்லை. கொல்கத்தாவின் தென்மேற்கில், ஹூக்ளிக் கரையில், 1892-ல் திறக்கப்பட்ட கப்பல்துறையைச் சுற்றி வளர்ந்த பகுதி இது. வங்காளம், உருது, இந்தி மூன்றும் ஒரே சந்தில் கேட்கும். கப்பல்துறையிலும், லாரியிலும், தையல் மெஷினிலும் பிழைப்பு நடத்தும் குடும்பங்கள் ஏராளம். வெளிநாட்டுச் சாமான்களுக்குப் பேர் போன ஃபேன்சி மார்க்கெட்டும் இங்கேதான். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அதன் கடைகளில் அடுக்கியிருக்கும் காலணிகளையும் கைக்கடிகாரங்களையும் பார்த்துக்கொண்டேதான் வீடு திரும்புகிறார்கள்.

ரோஜர் பையைப் பறிக்க முயன்றதும் ஒரு ஜோடிக் காலணிக்காகத்தான். நீல நிற ஸ்வேடு காலணி. வீட்டில் அவனைக் கவனிக்க ஆளில்லை. பசி வேறு. அந்தப் பெண்மணி திருமதி ஜோன்ஸ் ஒரு ஹோட்டலின் அழகு நிலையத்தில் வேலை பார்ப்பவர். அவர் உபதேசம் எதுவும் செய்வதில்லை. தானும் இளமையில் சொல்லத் தகாத காரியங்கள் செய்ததுண்டு என்கிறார். பத்து சென்ட் கேக்கில் பாதியைப் பிய்த்துக் கொடுக்கிறார். கடைசியில் காலணி வாங்கிக்கொள்ளப் பத்து டாலரைக் கையில் திணித்து அனுப்பிவிடுகிறார். பையனுக்கு வெறும் நன்றிக்கு மேல் ஏதோ சொல்ல வேண்டும் போலிருக்கிறது. வாய் வரவில்லை.

கேள்வி தயார், விடையும் தயார்

தேர்வில் கேட்டவை எல்லோருக்கும் தெரிந்தவை. திருமதி ஜோன்ஸின் குணச்சித்திரம் வரைக. ரோஜரிடம் ஏற்பட்ட மாற்றம் எப்படி? தலைப்பு பொருத்தமானதா? நூறு சொற்களுக்குள் விடை. ஆறு மதிப்பெண். ஆங்கிலத் தாளின் நூறில் எண்பது எழுத்துத் தேர்வுக்கு, இருபது புராஜெக்டுக்கு.

எனவே தயாரிப்பும் அதற்கேற்றபடிதான். தமிழ்நாட்டில் ‘கைடு’ என்பதற்கு வங்காளத்தில் ‘சஜஷன்’ என்று பேர். இந்த ஆண்டு எந்தக் கேள்வி வரும், சென்ற ஆண்டு வந்ததால் எது வராது என்று ஊகித்துச் சொல்லும் பட்டியல் அது. அதனுடன் டியூஷன் வாத்தியாரின் நோட்ஸ். ஜெராக்ஸ் கடைகளில் கட்டுக்கட்டாக விற்பனை. காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதைக் கடைகளில் கெட்டி அட்டைப் புத்தகங்கள். கதை பாடநூலில் சில பக்கங்கள்தான்; அதைப் பற்றிய விடைகளோ அதைவிடத் தடிமன். கதையைப் படிக்காமலே கதைக்கு விடை எழுதிவிட முடியும் என்பதுதான் இதில் வசதி. ஆபத்தும் அதுவேதான்.

மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வங்காளம், உருது அல்லது இந்தி வழியில் படிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. அதில் தேறாவிட்டால் பிளஸ் டூ தேறியதாகாது. கல்லூரி, அரசு வேலை எல்லாமே அந்தச் சான்றிதழைத் தாண்டித்தான். 1980களில் இடது முன்னணி அரசு தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆங்கிலத்தை எடுத்தது. தாய்மொழிக் கல்விக்கு அதில் நியாயம் இருந்தது. ஆனால் வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைத் தனியார் ஆங்கிலப் பள்ளிகளுக்கு மாற்றினார்கள். வசதியில்லாதவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். முதல் வகுப்பிலிருந்து ஆங்கிலம் திரும்பி வர 2004 ஆயிற்று. பாடத்தை நம்ப முடியாத இடத்தில் மனப்பாடத்தை நம்பும் பழக்கம் இப்படியும் வேர் விட்டது.

அதே கிடர்பூரில் 1789-ல் தொடங்கிய செயின்ட் தாமஸ் பள்ளியும் இருக்கிறது. ஐ.எஸ்.சி. வாரியம் நடத்தும் தேர்வுக்குத் தயார் செய்யும் ஆங்கிலப் பள்ளி வகையைச் சேர்ந்தது. அந்த வாரியத்தின் பாடத்தில் ராபர்ட் ஃப்ராஸ்ட், ரே பிராட்பரி போன்ற அமெரிக்கர்கள் வெவ்வேறு ஆண்டுகளில் வந்து போயிருக்கிறார்கள். ஒரே பேட்டை, ஒரே வயது. ஆனால் வீட்டிலேயே ஆங்கிலம் கேட்டு வளர்ந்தவனின் தயாரிப்பும், வகுப்பறையில் மட்டும் ஆங்கிலத்தைப் பார்ப்பவனின் தயாரிப்பும் ஒன்றல்ல.

ராமேஸ்வரமும் கூடவே

தமிழர்களுக்குச் சுவாரஸ்யமான விஷயம் ஒன்று உண்டு. ஹியூஸின் கதை இருந்த அதே பாடநூலில் ராமேஸ்வரமும் இருந்தது. அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ நூலின் தொடக்கப் பகுதி அது. மசூதித் தெரு வீடு, தந்தை ஜைனுலாப்தீன், அவருடைய நண்பரான கோயில் அர்ச்சகர் லட்சுமண சாஸ்திரி என்று எல்லாமே பாடம். மசூதியும் கோயிலும் அடுத்தடுத்த தெருக்களில் இருக்கும் கிடர்பூர் பிள்ளைக்கு அந்த ஊரும் புரியாத ஊரல்ல. எனினும் அதற்கும் நோட்ஸ்தான் கைகொடுத்தது.

இந்தப் பேட்டை ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுவது இன்று நேற்றல்ல. வங்கக் கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தின் தந்தைக்கு வீடு கிடர்பூரில்தான். இந்துக் கல்லூரியில் ஆங்கிலக் கவிதையில் ஊறிய மதுசூதன், ஆங்கிலக் கவியாகவே புகழ் பெற வேண்டும் என்று துடித்தார். 1843-ல் கிறிஸ்தவரானார். 1848-ல் பிழைப்புத் தேடிச் சென்னைக்கு வந்து, அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியில் ஆசிரியரானார். மறு ஆண்டு அவருடைய ஆங்கிலக் காவியம் ‘தி கேப்டிவ் லேடி’ சென்னையிலேயே அச்சானது. அதைப் படித்த பெத்யூன் என்ற ஆங்கிலேய அதிகாரி, உன் தாய்மொழியில் எழுது என்று யோசனை சொன்னார். 1861-ல் இந்திரஜித்தின் வீழ்ச்சியைப் பாடும் ‘மேகநாதவத காவியம்’ வங்காளத்தில் வந்தது. இரவல் குரலைக் கைவிட்ட பிறகுதான் அவர் மகாகவி ஆனார். நோட்ஸை மனப்பாடம் செய்யும் மாணவனுக்கு இதைவிடப் பக்கத்து வீட்டு உதாரணம் கிடைக்காது.

வேறு வழி என்ன?

வழி இருக்கிறது. செலவும் கிடையாது. முதலில் கதையை ஒரே மூச்சில் படித்துவிட்டு, நடந்ததைத் தாய்மொழியில் இன்னொருவருக்குச் சொல்வது. சொல்லும்போது எங்கே தடுக்கிறதோ அந்தப் பத்தி புரியவில்லை என்று அர்த்தம். இரண்டாவது, கதாபாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் அதற்குக் கதையிலிருந்து ஒரு செயலைக் காட்டுவது. திருமதி ஜோன்ஸ் ‘இரக்கமுள்ளவர்’ என்று எழுதினால் மட்டும் போதாது. அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார், தன் பையைப் பையன் எட்டும் இடத்திலேயே விட்டுவிட்டுச் சமைக்கப் போனார் என்பதைக் கவனித்தவனுக்கு இரக்கத்தை விடப் பெரிய ஒன்று, நம்பிக்கை, கண்ணில் படும். பையனும் ஓடவில்லை, பையைத் தொடவுமில்லை. ரோஜரின் மாற்றம் பற்றிய ஆறு மதிப்பெண் அந்த இடத்தில்தான் இருக்கிறது. நோட்ஸில் அது ஒரு வரியாகத் தேய்ந்து போகிறது.

மூன்றாவதாகக் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் பல மாநிலங்களில் தனிப் பள்ளியிலும் தனி இருக்கையிலும் ஒதுக்கப்பட்டிருந்த காலத்தில் வந்த கதை இது. அந்தக் காலத்தில் கறுப்பினச் சிறுவன் ஒருவன் போலீசிடம் சிக்குவது என்றால் என்ன என்று தெரிந்தால், திருமதி ஜோன்ஸ் போலீசைக் கூப்பிடாததன் கனம் தெரியும். இதை அறியப் புத்தகம் தேடினால் நகரத்தில் பஞ்சமில்லை. ஜவஹர்லால் நேரு சாலையில் அமெரிக்க மையத்தின் நூலகம். கிடர்பூரை ஒட்டிய அலிப்பூரில், வையாபுரிப் பிள்ளையின் தமிழ்ச் சேகரிப்பையும் வைத்திருக்கும் தேசிய நூலகம். தூரம் கிலோமீட்டரில் இல்லை. அங்கெல்லாம் நமக்கு இடமுண்டா என்ற தயக்கத்தில் இருக்கிறது.

2024-ல் பதினோராம் வகுப்பிலிருந்து செமஸ்டர் முறை வந்துவிட்டது. 2026-ல் தேறியவர்கள் அதன் முதல் அணி. ஒரு பாதிக்குச் சரியான விடையைத் தேர்ந்தெடுத்து ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும். மறு பாதிக்கு எழுத வேண்டும். வட்டத்துக்குத் தகவல் போதும். டாலர் எத்தனை, மணி என்ன, காலணி என்ன நிறம்? இதற்கும் ‘சஜஷன்’ தயாராகிவிடும்.

கதவு சாத்தப்படும் முன் ரோஜர் சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமல் போனது என்ன? அதற்கு நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல முடியாது. ஃபேன்சி மார்க்கெட் வாசலில் ஒரு ஜோடிக் காலணி முன் நின்று விட்டு வீடு திரும்பும் மாணவனைக் கேட்டால், நூறு சொற்களுக்குக் குறையாமல் சொல்லக்கூடும். அவனை யாரும் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.